பெரிய வீட்டின் வேண்டாத பிள்ளைகள்

தன் கதையைத் தானே அச்சில் படித்து அதிர்ந்துபோன வாசகி ஒருத்தி தமிழ் நாவலுக்குள் இருக்கிறாள். 1966இல் 'ஆனந்த விகட'னில் ஜெயகாந்தன் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழைநாளில் யாரோ ஒருவனின் காரில் ஏறிச் சீரழிந்து வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமானவள் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறாள் தாய். அதை ஏற்காத வாசகர்கள் கண்டனக் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். அந்தச் சலசலப்பிலிருந்துதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது. அந்த நாவலில் அதே சிறுகதையை ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் பத்திரிகையில் எழுதுகிறார். நிஜத்தில் அந்த மழைநாளைக் கடந்துவந்த கங்கா, பல ஆண்டுகள் கழித்து அதைப் படிக்கிறாள். அவளுடைய தாய் தண்ணீர் ஊற்றவில்லை. ஊர் கேட்க அழுதாள். அண்ணன் அடித்து வீட்டைவிட்டுத் துரத்தினான். மாமன் வீட்டில் வளர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்ட பிறகு, தனக்கு வாய்க்காத தாயைக் கங்கா கதைக்குள் பார்க்கிறாள். பார்த்ததோடு நிற்காமல் அந்தக் கதையைத் தன் தாயையும் படிக்கவைக்கிறாள்.

1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்று, 1977இல் பீம்சிங் இயக்கத்தில் படமாகவும் வந்த இந்த நாவலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கற்பு, சமூகம், ஆண் திமிர் எல்லாவற்றையும் பேசியாயிற்று. எனக்கு அது முதலில் வாசிப்பைப் பற்றிய நாவலாகவே படுகிறது. எவருக்கும் வேண்டாதவளாகிப்போன ஒரு பெண், தன்னைப் போன்றவளைக் கதையில் சந்தித்தால் என்ன ஆகும்? ஆறுதல் கிடைக்கும் என்று நாம் சாதாரணமாக நம்புகிறோம். கங்காவுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. பழைய கணக்கு புதிதாகத் திறக்கிறது. தாயைப் பார்க்கும் கண் மாறுகிறது, காரில் ஏற்றியவனைத் தேடிப் போகிறாள், அங்கிருந்து அவள் வாழ்க்கை வேறு தடத்தில் ஓடுகிறது. கதையில் தன்னைக் காண்பது மருந்தாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை என்பதை ஜெயகாந்தன் அன்றே சொல்லிவிட்டார்.

இதே கேள்வியை வேறொரு கோணத்திலிருந்து கேட்கும் நாவல் ஒன்று மலேசியாவிலிருந்து வந்திருக்கிறது. ப்ரீதா சமரசன் ஆங்கிலத்தில் எழுதி 2008இல் வெளியான 'ஈவினிங் இஸ் தி ஹோல் டே'. பத்து காஜாவில் பிறந்து ஈப்போவில் வளர்ந்து, அமெரிக்காவில் படித்து, பிரான்சில் வாழ்பவர் சமரசன். நாவல் 2009ஆம் ஆண்டின் ஆரஞ்சுப் பரிசுக்கான நெடும்பட்டியலில் இடம்பெற்றது. தலைப்பை அவர் எடுத்தது ஏ.கே. ராமானுஜன் ஆங்கிலத்தில் தந்த குறுந்தொகையிலிருந்து. மிளைப்பெருங் கந்தனாரின் 234ஆம் பாட்டு அது. பொழுது சாய்வதுதான் மாலை என்பவர்கள் விவரமறியாதவர்கள், துணையைப் பிரிந்தவர்களுக்கு விடியலும் மாலைதான், நண்பகலும் மாலைதான் என்று ஒரு தலைவி நொந்துகொள்ளும் முல்லைப்பாட்டு. சமரசன் அந்த ஏக்கத்தைத் தலைவியிடமிருந்து எடுத்து ஆறு வயதுக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டார். ஆஷா ஏங்குவது காதலனுக்காக அன்று. அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்விட்ட அக்கா உமாவுக்காக.

கதை 1980இல் ஈப்போவில் தொடங்குகிறது. கிங்ஃபிஷர் லேனில் உள்ள 'பெரிய வீடு' ஆஷாவின் அப்பா, வழக்கறிஞர் ராஜசேகரனின் குடும்பத்துடையது. பாட்டி இறந்து அதிக நாள் ஆகவில்லை. உமா விமானம் ஏறிவிட்டாள். வீட்டு வேலைக்காரப் பெண் செல்லம், பழியோடு வெளியேற்றப்படுகிறாள். அவளை அழைத்துப் போக வந்திருப்பவர், மாதந்தோறும் வந்து அவளுடைய சம்பளத்தை வாங்கிக் குடித்துத் தீர்த்த அவளுடைய அப்பா. இங்கிருந்து நாவல் பின்னோக்கி நகர்கிறது. என்ன பழி, யார் சுமத்தியது, ஏன் என்பதெல்லாம் வெங்காயத்தோல் போல ஒவ்வொன்றாக உரிகிறது.

இந்த வீட்டில் வேண்டப்படாதவர்களுக்குப் பஞ்சமில்லை. ராஜசேகரனின் மனைவி வசந்தி அந்தக் குடும்பத்தின் அந்தஸ்துக்குக் கீழேயிருந்து மருமகளாக வந்தவள். மாமியார் அதை ஒரு நாளும் மறக்கவிடவில்லை. ராஜசேகரனுக்கு வெளியே ஒரு சீனப் பெண்ணோடு இன்னொரு குடும்பம் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வீட்டு வாசல் கிடையாது. வீட்டை முன்பு வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் மெக்டூகலின் மகள் ஆவியாக இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தகப்பன் கைவிட்டுக் கப்பலேறிய பிறகு தாயோடு ஈயக்குட்டையில் மூழ்கிப்போனவள். ஆஷாவின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். உயிரோடிருப்பவர்கள் யாரும் முகங்கொடுத்துப் பேசாத குழந்தைக்குச் செத்துப்போன பிள்ளைதான் கூட்டாளி.

ஆஷாவோடு ஒட்டிக்கொள்வது எளிது. ஒரு காலத்தில் தன்னை மடியில் வைத்துக் கொஞ்சிய அக்கா ஒருநாள் திடீரென்று பேச்சை நிறுத்திவிடுகிறாள். காரணம் குழந்தைக்குத் தெரியாது. அக்கா போகிற இடமெல்லாம் பின்னால் போகிறாள், அவள் தொட்டதைத் தொடுகிறாள், அவள் பார்வை தன் மேல் விழுமா என்று நாள் முழுக்கக் காத்திருக்கிறாள். வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்து, மூத்தவர்கள் திருமணமாகியோ படிக்கவோ போன பிறகு கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த எவருக்கும் இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது தொண்டை அடைக்கும். எனக்கும் அடைத்தது. ஜொகூரில், யோங் பெங்குக்கும் லாபிசுக்கும் இடையே உள்ள சாஆவில், தோட்டத்து லயத்தில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள் நான். தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களில் அப்படிப் பிறப்பவளுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்துச் சாமிக்கு அறிவிப்பார்கள். எங்கள் தோட்டத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. என்னை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போய்விட்டு, வழக்கம்போல அந்தி சாய்ந்துதான் திரும்பினார் என்பதை மட்டும் எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இப்படிக் கதையில் தன்னைக் காண்பதை இலக்கிய ஆய்வுலகம் நெடுங்காலம் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. நாவலில் தன்னைத் தேடுகிறவர் பண்படாத வாசகர், படைப்பின் கட்டமைப்பைக் காணத் தெரியாதவர் என்பது பல்கலைக்கழக வகுப்பறைகளில் சொல்லப்படாத விதி. 2008இல், சமரசனின் நாவல் வந்த அதே ஆண்டில், ரீட்டா ஃபெல்ஸ்கி தம்முடைய 'யூசஸ் ஆஃப் லிட்ரேச்சர்' நூலில் இதை எதிர்த்து எழுதினார். ஒரு பாத்திரத்தில் நம்மைக் கண்டுகொள்ளும்போது முன்பே தெரிந்ததை மட்டும் நாம் பார்ப்பதில்லை; அதுவரை பெயரில்லாமல் கிடந்த ஒன்று அப்போதுதான் உருவம் பெறுகிறது என்பது அவர் வாதம். இது எனக்கு உடன்பாடு. 'பரவாயில்லை, சிரிக்க வேண்டிய விஷயம்தானே' என்று நான் ஒதுக்கி வைத்திருந்த ஒன்றுக்கு ஆஷா உருவம் கொடுத்தாள்.

அடுத்த படிதான் வழுக்குகிறது. பாத்திரத்தோடு ஒன்றினால் மனம் விரியும், பிறர் துயரம் புரியும், ஆகவே நாவல் படிப்பவர் நல்லவராவார் என்றொரு நம்பிக்கை உண்டு. நூலகச் சுவரொட்டிகள்வரை இது பரவியிருக்கிறது. 2013இல் டேவிட் கிட், இமானுவேல் கஸ்டானோ என்ற இருவர் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை, இலக்கியத் தரமுள்ள புனைவைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் மனத்தை ஊகிக்கும் திறன் கூடுகிறது என்றது. உலகெங்கும் செய்தியானது. 2016இல் வேறு ஆய்வுக்குழுக்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அந்தச் செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. சூசன் கீன் 2007இல் எழுதிய 'எம்பதி அண்ட் த நாவல்' இன்னும் கறாரானது. நாவலில் வரும் ஒருத்திக்காக அழுவது எளிது, ஏனென்றால் அவள் நம்மிடம் திருப்பி எதையும் கேட்க மாட்டாள் என்கிறார் கீன். அந்தக் கண்ணீர் நிஜ மனிதருக்கான உதவியாக மாறுகிறது என்பதற்குச் சான்று மிகக் குறைவு.

'பெரிய வீட்டின்' கதையை நான் இந்தச் சர்ச்சையின் நடுவில் வைத்துப் படிக்கிறேன். ஆஷாவோடு ஒட்டிக்கொள்ளும் வாசகரைச் சமரசன் நன்றாகத் தெரிந்தே ஓரிடத்துக்குக் கூட்டிச்செல்கிறார். பாட்டியின் சாவைப் பற்றி வீடு விசாரிக்கும்போது ஆஷா வாய் திறக்கிறாள். அவள் சொல்வது பொய். பழி செல்லத்தின் மேல் விழுகிறது. அந்தப் பொய்யில் கெட்ட எண்ணம் என்று எதுவும் கிடையாது. உமாவைத் திரும்பப் பெற வேண்டும் என்ற ஏக்கம் மட்டும்தான். எந்த ஏக்கத்துக்காக நாம் அவளை மடியில் தூக்கி வைத்தோமோ, அதே ஏக்கம் இன்னொரு பெண்ணைத் தெருவில் நிறுத்துகிறது. கதை பின்னோக்கிச் சொல்லப்படுவதன் பயனும் இங்கேதான் தெரிகிறது. செல்லம் வெளியேற்றப்படுவதை முதல் அத்தியாயத்திலேயே பார்த்துவிட்டோம். பார்த்துவிட்டு, முந்நூறு பக்கத்துக்கு ஆஷாவுக்காக உருகினோம்.

திரைப்பட ஆய்வாளர் மர்ரி ஸ்மித் 1995இல் வகுத்துக் கொடுத்த ஒரு பாகுபாடு இதை விளக்க உதவும். ஒரு பாத்திரத்தின் கண்வழியே கதையைப் பார்ப்பது ஒன்று. நீதி நியாயத்தில் அந்தப் பாத்திரத்தின் பக்கம் நிற்பது வேறொன்று. பெரும்பாலான கதைகளில் இரண்டும் ஒன்றாகவே வருவதால் வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. சமரசன் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார். ஆஷாவின் கண்ணைக் கழற்ற முடியாது. அவள் பக்கம் நிற்கவும் முடியாது.

நாவலைப் படித்து முடித்த சில நாள் கழித்து அம்மாவுக்கு அதைத் தமிழில் கதையாகச் சொன்னேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். சொல்லும்போது இயல்பாகவே ஆஷாவை நடுவில் வைத்துச் சொன்னேன். அக்கா போனது, ஆவிச் சிறுமி என்று. அம்மா கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தபின் கேட்டார்: "அந்த வேலைக்காரப் புள்ளக்கி சம்பளத்த யாரு கையில குடுத்தாங்க?"

அவளுடைய அப்பா கையில் என்றேன்.

"அதானே" என்றார். சிறிது நேரம் கழித்து, "எனக்கும் எங்கப்பா கையிலதான் குடுத்தாங்க" என்றார்.

பதின்மூன்று வயதில் பட்டணத்தில் ஒரு வீட்டில் அம்மா வேலைக்கு நின்றது எங்களுக்கு ஓரளவு தெரிந்த செய்திதான். "அவங்க வீட்ல இருந்தேன்" என்று சொல்வாரே தவிர வேலை செய்தேன் என்று சொன்னதில்லை. நான் சொன்ன கதையில் ஆஷா அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அந்தக் குழந்தையின் ஏக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செல்லம் எங்கே படுத்தாள், ஊருக்குப் போக எத்தனை நாள் விட்டார்கள், கிழவியை யார் குளிப்பாட்டியது, போகும்போது துணிமணி கொடுத்தார்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். சிலவற்றுக்கு என்னிடம் பதிலிருந்தது. பலவற்றுக்கு நாவலைத் திரும்பப் புரட்ட வேண்டியிருந்தது. ஒரே நாவல், நான் கடைக்குட்டியின் கதையாகப் படித்தேன், அவர் சம்பளமில்லாத சிறுமியின் கதையாகக் கேட்டார். இரண்டுமே 'தன்னைக் காணும்' வாசிப்புதான். ஆனால் ஒன்றில் மற்றதற்கு இடமே இல்லாமல் போகிறது.

ஒரு தலைமுறை இடைவெளியில் இப்படி ஆனதற்குக் காரணம் எங்கள் பக்கத்து வரலாற்றில் கிடக்கிறது. 1957இல் நாடு விடுதலை பெற்றதும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றன. லயத்தை விட்டு இறங்கிய குடும்பங்களுக்குப் போக்கிடம் இல்லை. இந்தியச் சமூகத் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமிருந்தே தவணைப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியது இந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். 1969 மே இனக்கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள்; பலர் பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ஏறாமல் தங்கிய குடும்பங்களில், சாப்பாட்டுக்கு ஒரு வாய் குறையட்டும் என்று பெண்பிள்ளையைப் பட்டணத்து வீட்டுக்கு அனுப்புவது எல்லாருக்கும் தெரிந்த வழி. ஆண்பிள்ளை ரப்பர்ப் பால் மங்கு துடைக்கவும் செம்பனைக் கொட்டை பொறுக்கவும் உதவுவான். பெண்பிள்ளை ஆயாக் கொட்டகை வயதைத் தாண்டியதும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வாள். அவர்களும் வளர்ந்துவிட்டால் வேறு வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போவாள். செல்லம் அப்படி வந்தவள். ஆஷாவின் ஏக்கம் வீட்டுக்குள் பிறந்தது. செல்லத்தின் நிலை ரப்பர் விலையிலும் குடியுரிமைச் சட்டத்திலும் பிறந்தது. நாவல் பின்னதை நீட்டி விளக்குவதில்லை. ஆனால் 1969 மே 13 கலவர நாளிலேயே ஆஷாவின் அண்ணன் சுரேஷைப் பிறக்கவைத்து, நாட்டின் காலக்கணக்கையும் வீட்டின் காலக்கணக்கையும் ஒன்றாக முடிந்துவிடுகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்லும்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வருவது, உறவோ உடைமையோ இழப்பதால் வருவது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வதால் வருவது, இல்லாமையால் வருவது. துயரம் ஒன்றே, காரணங்கள் நான்கு என்று அந்த நூலாசிரியர் பிரித்து வைத்ததன் அருமை 'பெரிய வீட்டில்' தெரிகிறது. ஆஷாவுடையது இழவு. வசந்தியுடையது இளிவு. பாட்டிக்கு மூப்பினால் அதிகாரம் போனதால் அசைவு. செல்லத்துக்கு வறுமை, அதன் மேல் இளிவு, கடைசியில் இழவும். வேண்டப்படாதவள் என்ற ஒரே சொல்லால் எல்லாரையும் மூடிவிட்டால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அழுகை வாசகருக்குள் இறங்கும்போதும், எந்த நிலைக்களன் அவருடைய அனுபவத்தில் இருக்கிறதோ அங்கேதான் முதலில் பற்றிக்கொள்கிறது. எனக்கு இழவில் பற்றியது. அம்மாவுக்கு வறுமையில்.

வேண்டாத பெண்ணைப் பற்றிய நாவல்களில் உலகமே அறிந்தது 1847இல் வந்த சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்'. அத்தை வீட்டில் அடிபட்டு, சிவப்பு அறையில் பூட்டிவைக்கப்பட்டு, அனாதைப் பள்ளிக்கு விரட்டப்பட்ட ஜேனோடு ஒன்றாத வாசகி அரிது. 1908இன் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' இன்னும் நமக்கு நெருக்கம்: வயல்வேலைக்கு ஆண்பிள்ளை கேட்டிருந்த இடத்துக்குத் தவறி வந்துசேர்ந்த பெண்பிள்ளை. திரும்பவும் ஜேனிடம் வந்தால், அவள் வேலைக்குப் போகும் வீட்டின் மேல்மாடியில் பெர்த்தா என்றொரு பெண் அடைத்துவைக்கப்பட்டிருக்கிறாள். ஜேனுக்கு நல்ல முடிவு கிடைக்க வேண்டுமென்றால் அந்தப் பெண் எரிந்து சாக வேண்டும், சாகிறாள். நூறாண்டுக்கும் மேலாக வாசகிகள் ஜேனின் திருமணத்தில் மகிழ்ந்தார்கள். பெர்த்தா போலவே கரீபியத் தீவிலிருந்து வந்த ஜீன் ரைஸ் 1966இல் 'வைட் சர்காசோ சீ' எழுதி அவளுக்குக் குழந்தைப் பருவமும் தாயும் ஊரும் கொடுத்தார். 1985இல் இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி ஸ்பிவாக், ஜேன் என்ற தனிமனுஷி உருவாக, காலனி நாட்டுப் பெண் அழிய வேண்டியிருந்ததைக் கட்டுரையாக எழுதினார்.

ரைஸ் செய்ததைச் செய்ய இன்னொரு நாவல் தேவைப்பட்டது. இடையில் 119 ஆண்டுகள் ஓடின. சமரசன் ஜேனின் கதையையும் பெர்த்தாவின் கதையையும் ஒரே நூலுக்குள், ஒரே கூரைக்குக் கீழ் வைத்துவிட்டார். அதுதான் அவர் துணிச்சல். ஒரு குறையும் எனக்குண்டு, சொல்லிவிடுகிறேன். ஆஷாவின் மனம் மின்மினிபோல ஒவ்வொரு வரியிலும் ஒளிர்கிறது. செல்லத்தின் உள்ளத்துக்கு அந்த வளமான மொழி அவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. இதைக் குறையென்று மட்டும் ஒதுக்கவும் முடியவில்லை. அந்த வீட்டில் அவளிடம் யாரும் மனம்விட்டுப் பேசவில்லை. அந்த வீட்டின் கண்ணால் சொல்லப்படும் கதைக்கு அவள் மனம் எப்படித் தெரியும்?

சாஆவில் இந்த நாவலைப் பற்றிப் பேசும்போது ஆவிச் சிறுமியையும் தாண்டிப்போக முடிவதில்லை. எங்கள் ஊரின் பெரும்பகுதி அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமம். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்டு 1948இலிருந்து 1960வரை நீடித்த அவசரகாலத்தில், 1950க்குப் பிறகு பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரம் வாழ்ந்த சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலிக்குள் குடியமர்த்தினார்கள். அந்த வறுமையில், பெண்பிள்ளை போதும் என்று நினைத்த சீனக் குடும்பங்கள் கைக்குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்தன. புலி ஆண்டில் பிறந்த பெண் ஆகாது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அது பரவலாக நடந்தது. சீன முகமும் தமிழ்ப் பேச்சுமாய், சேலை கட்டி, நெற்றியில் பொட்டோடு கோயில் வரிசையில் நிற்கும் மூதாட்டிகள் மலேசியர்களுக்குப் புதியவர்கள் அல்லர். பக்கத்து லயத்துப் பெரியம்மா ஒருவர் அப்படி வந்தவர்தான். தன்னைப் பெற்றவர்கள் ஏன் கொடுத்தார்கள் என்ற கேள்வி அவரிடம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம், தன்னை வளர்த்த அம்மாவின் திதிக்கு அவர் ஆண்டு தவறாமல் இலை போட்டதைத்தான். ஒரு வீட்டுக்கு வேண்டாதவள் இன்னொரு வீட்டுக்குத் தவம் கிடந்து வாங்கிய பிள்ளை. மெக்டூகலின் மகளை எடுத்து வளர்க்க அப்படி ஒரு லயத்து வீடு இருந்திருந்தால் அவள் ஆவியாகியிருக்க மாட்டாள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இலக்கிய ஆய்வில் இப்படியெல்லாம் ஆசைப்படக் கூடாதுதான்.

அந்தப் பெரியம்மாக்களுக்காவது பிறப்புப் பத்திரத்தில் ஒரு வரி, தெருவில் ஒரு நினைவு உண்டு. பட்டணத்து வீடுகளுக்கு வேலைக்குப் போன தோட்டத்துச் சிறுமிகளைத் தேடினால் தாளே கிடைக்காது. தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் என்னும் ஆள்பதிவேட்டில் மரம் வெட்டியவர்களும் புல் வெட்டியவர்களும் இருப்பார்கள். வெளியே போன பிள்ளை இருக்கமாட்டாள். சேமநிதிக் கணக்கு கிடையாது. போன வீட்டில் குடும்பப் புகைப்படத்தின் ஓரத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முகம் பாதி வெட்டுப்பட்டு நின்றால் உண்டு. ஆகவே இந்தச் சிறுமிகளைப் பற்றி எழுத நினைக்கும் வரலாற்றாசிரியர் நாவலிடம்தான் வர வேண்டியிருக்கிறது. வந்து, நாவல் யாருடைய கண்ணால் பார்க்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

சட்டப் புத்தகத்தில் மட்டும் அவர்களுக்கென்று சில வரிகள் உண்டு. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வாராந்தர ஓய்வு நாள், வேலை நேரம், பொது விடுமுறை, பேறுகாலச் சலுகை முதலியவற்றிலிருந்து வீட்டு வேலைக்காரர்களை விலக்கி வைத்தது. 'வேலைக்காரர்' என்ற சொல்லை மாற்றி 'வீட்டுப் பணியாளர்' என்று சட்டத்தில் எழுதவே 2023 ஆகிவிட்டது. சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புத் திட்டம் அவர்களுக்கு 2021இல்தான் வந்தது. வீட்டுப் பணியாளர்களுக்கான அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா இன்னும் சேரவில்லை. அம்மா கேட்ட சம்பளக் கேள்விக்கும் படுக்கைக் கேள்விக்கும் இந்த வரிகளில் விடையில்லை.

அந்த 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு வீட்டு வேலைக்காரருக்கென்றே எழுதப்பட்டது. வேலையிலிருந்து நிறுத்துவதென்றால் 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அல்லது அந்த 14 நாளுக்கான கூலியைத் தர வேண்டும். நடத்தை ஒப்பந்தத்துக்கு மாறாக இருந்தால் இரண்டும் வேண்டாம், அந்த நிமிடமே அனுப்பிவிடலாம். ராஜசேகரன் வழக்கறிஞர். ஒரு சீனச் சிறுமியின் கொலை வழக்கில் அரசுத் தரப்பில் நின்று, ஒருவன் மேல் குற்றத்தை நிலைநாட்டச் சாட்சியம் எவ்வளவு வேண்டும் என்று நாள்தோறும் வாதாடுகிறவர். செல்லத்தை அனுப்ப அவருடைய வீட்டில் ஆறு வயதுக் குழந்தையின் ஒரு சொல் போதுமானதாக இருந்தது. குறுக்கு விசாரணை செய்ய யாரும் இல்லை. வாசகராகிய நாமும் அப்போது அந்தக் குழந்தையின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.